ஆர்எஸ்-485 போர்டு தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

எட்டுக் கால் ஐசி ஒன்று, அதிலிருந்து வெளியே போகும் இரண்டு ஒயர், பின்னால் ஒரு மைக்ரோகண்ட்ரோலர். ஏ, பி என்ற இரண்டே ஒயரில் பல கருவிகள் முறை வைத்துப் பேசும் ஏற்பாடுதான் ஆர்எஸ்-485. அதற்கான மேக்ஸ்485 ஐசி வைத்து போர்டு வரைவது அவ்வளவு சுலபம். மேசையில் அரை மீட்டர் ஒயரில் சோதித்தால் ஓடவும் செய்யும். பேனலில் ஏற்றி, கேபிள் இழுத்து, நான்கைந்து எனர்ஜி மீட்டர்களைக் கோத்த பிறகுதான் சிஆர்சி பிழையும் (செய்தியின் சரிபார்ப்பு எண் பொருந்தாதது) டைம்-அவுட்டும் (பதில் வராதது) தலைகாட்டும். உடனே எல்லோரும் திறப்பது நிரலை. ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை லைனில் டேட்டா ஓடாத நேரத்தில் பிறப்பவை. ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய டிரைவர் (ஐசியில் லைனை ஓட்டும் பகுதி) லைனை விட்டுவிடும். அடுத்தவர் தொடங்கும்வரை அந்த இரண்டு ஒயரும் யார் பிடியிலும் இல்லை. அந்த இடைவெளியில் லைன் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதைப் போர்டு வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் இரைச்சல் முடிவு செய்துவிடும்.

எதையும் பிரிக்கும் முன் மூன்று அளவுகள்

சாதாரண மல்டிமீட்டர் போதும்.

முதல் அளவு: எல்லாக் கருவிகளின் பவரையும் அணைத்துவிட்டு, ஏ-க்கும் பி-க்கும் இடையே ஓம் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் 60-ஐ ஒட்டி வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் மட்டும்தான் ரெசிஸ்டர் இருக்கிறது. 40 வந்தால் நடுவில் எங்கோ மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. பல ஆயிரம் ஓம் காட்டினால் டெர்மினேஷனே இல்லை.

இரண்டாவது: பவரைப் போட்டு, மாஸ்டரின் போலிங்கை (கேள்வி கேட்கும் தலைமைக் கருவி மற்றவற்றை ஒவ்வொன்றாக விசாரிப்பதை) நிறுத்திவிட்டு, சிவப்பு முனையை ஏ-யிலும் கறுப்பு முனையை பி-யிலும் வைத்து டிசி வோல்ட் பாருங்கள். குறைந்தது +200 மில்லிவோல்ட் வேண்டும். போலிங் ஓடும்போது இதை அளந்தால் சராசரிதான் வரும், அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

மூன்றாவது: ஒவ்வொரு கருவி இருக்கும் இடத்திலும் அதன் கிரவுண்டிலிருந்து ஏ-க்கும் பி-க்கும் அளவு எடுங்கள், டிசி-யிலும் ஏசி-யிலும். ரிசீவர் தாங்கும் எல்லை −7 வோல்ட்டிலிருந்து +12 வோல்ட் வரை. அதற்குள் இருந்தாலும் ஏசி-யில் சில வோல்ட் தெரிந்தால் கிரவுண்ட் பிரச்சினை வரிசையில் நிற்கிறது என்று பொருள்.

ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புரோபின் கிரவுண்ட் கிளிப்பை பி ஒயரில் மாட்டாதீர்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். பி எர்த்தோடு ஷார்ட் ஆகிவிடும். ஏ-க்கு ஒரு சேனல், பி-க்கு ஒரு சேனல், மேத் மெனுவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

எதுவுமே வரவில்லை

ஏ, பி மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேக்ஸ்485 வகை ஐசிகளில் 6-ம் கால் ஏ, 7-ம் கால் பி. லைன் சும்மா இருக்கும்போது ஏ உயரத்தில் நிற்கும். சில கருவித் தயாரிப்பாளர்கள் இதை நேர் எதிராக எழுதுகிறார்கள். எழுத்தை நம்பாமல் அந்தக் கருவியை மட்டும் தனியே பவர் போட்டு, எது பாசிட்டிவ் என்று அளந்து அதை உங்கள் ஏ-யோடு சேர்ப்பது உறுதியான வழி. மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, அதனால் மாற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது பேரிட்டி, ஒவ்வொரு பைட்டோடும் போகும் சரிபார்ப்பு பிட். மோட்பஸ் ஆர்டியூ (485 லைனில் இந்த மீட்டர்கள் பேசும் மொழி) விதிப்படி இயல்பு நிலை ஈவன் பேரிட்டி. பேரிட்டி இல்லையென்றால் இரண்டு ஸ்டாப் பிட். சந்தையில் நிறையக் கருவிகள் பேரிட்டி இல்லாமல் ஒரே ஸ்டாப் பிட்டோடு வருகின்றன. பாட் ரேட் சரியாக இருந்து பேரிட்டி தப்பாக இருந்தால் ஸ்லேவ் (மாஸ்டர் கேட்டால் பதில் சொல்லும் கருவி) பதிலே தராது.

கடைசி பைட் அல்லது முதல் பைட் மட்டும் சிதைகிறது

இது டிரைவரை இயக்கி அணைக்கும் டிஇ காலின் நேரக் கணக்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் (ஒரு முழுச் செய்தி) தவறாமல் சிஆர்சி பிழை, மற்ற பைட்டுகள் எல்லாம் சரி என்றால் இங்கேதான் கை வையுங்கள்.

மைக்ரோகண்ட்ரோலரில் பைட்டுகளை அனுப்பி வாங்கும் பகுதியான யூஆர்ட்டில் இரண்டு கொடிகள் உண்டு. ஒன்று, பஃபர் காலி; இன்னொன்று, அனுப்பி முடிந்தது. எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலரில் அவை டிஎக்ஸ்இ (TXE), டிசி (TC). ஏவிஆர்-இல் யூடிஆர்இ, டிஎக்ஸ்சி. பஃபர் காலியானபோது கடைசி பைட் இன்னும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில்தான் இருக்கிறது. 9600 பாட், ஈவன் பேரிட்டி என்றால் ஒரு பைட்டுக்கு 11 பிட், அதாவது 1.15 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் டிஇ-யை இறக்கினால் சிஆர்சி-யின் மேல் பைட் பாதியில் அறுந்துபோகும். அனுப்பி முடிந்தது என்ற கொடிக்காகக் காத்திருந்து இறக்குங்கள்.

இதற்குப் பயந்து நிரலில் 10 மில்லிசெகண்ட் டிலே போட்டு வைப்பது அடுத்த கோளாறுக்கு வழி. மோட்பஸில் ஸ்லேவ் 3.5 எழுத்து நேரம் (ஓர் எழுத்து என்பது ஒரு பைட்) அமைதியாக இருந்துவிட்டுப் பதில் தரலாம். 9600-இல் அது 4 மில்லிசெகண்ட்தான். 19200-க்கு மேலே 1.75 மில்லிசெகண்ட் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்லேவ் பேசத் தொடங்கினால் அதன் முகவரி பைட் உங்கள் டிரைவரோடு மோதிச் சிதையும். வேகமாகப் பதில் தரும் மீட்டர் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை, சோம்பேறி மீட்டர்கள் எல்லாம் ஓடுகின்றன என்றால் காரணம் இதுவே.

பல புதிய எஸ்டிஎம்32-களிலும் ஈஎஸ்பி32-இலும் டிஇ-யை யூஆர்ட் ஹார்டுவேரே ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. ஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்குகளை முறை வைத்து ஓட்டும் சிறு இயங்குதளம்) ஓடும் போர்டில் அதைப் பயன்படுத்துவதுதான் சரி. டாஸ்க் எப்போது முறை பெறும் என்று நம்பி டிஇ-யை விடக்கூடாது.

டிஇ வழியில் பிசி817 போன்ற சாதாரண ஆப்டோ (ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் ஐசி) வைத்திருக்கிறீர்களா? 115200-இல் ஒரு பிட் 8.7 மைக்ரோசெகண்ட். அந்த ஆப்டோ அணைவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். 9600-இல் மறைந்திருந்த கோளாறு வேகத்தை ஏற்றியதும் வெளியே வரும். 6என்137 அல்லது டிஜிட்டல் ஐசொலேட்டருக்கு மாறுங்கள்.

தகவலுக்கு முன்னும் பின்னும் குப்பை பைட்

பூஜ்யமோ, 255-ஓ, வேறு ஏதோ ஒரு பைட்டோ ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு வரும். சில நாள் வரும், சில நாள் வராது. மழை நாளில் வேறு, வெயிலில் வேறு என்று கதை கட்டுவார்கள். இதற்கு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

எளிதானது முதலில்: டிஇ, ஆர்இ (ரிசீவரை இயக்கி அணைக்கும் கால்) இரண்டையும் சேர்த்து ஒரே காலில் ஓட்டும் வழக்கமான சர்க்யூட்டில், அனுப்பும் நேரம் முழுவதும் ரிசீவரின் அவுட்புட்டான ஆர்ஓ கால் எதையும் ஓட்டாமல் தொங்குகிறது. அது மைக்ரோகண்ட்ரோலரின் ஆர்எக்ஸ் காலில் நேராகப் போய்ச் சேர்ந்தால் பொய்யான ஸ்டார்ட் பிட் கிடைக்கும். ஆர்ஓ-வில் 10 கிலோஓம் புல்-அப் (சப்ளைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டால் தீர்ந்தது.

பெரிய விஷயம் பயாஸ், அதாவது யாரும் ஓட்டாத லைனை ஒரு நிலையில் பிடித்து நிறுத்தும் ரெசிஸ்டர் ஜோடி. ரிசீவர் +200 மில்லிவோல்ட்டுக்கு மேல் 1, −200-க்குக் கீழ் 0 என்று உறுதி தருகிறது. நடுவில் எது வந்தாலும் உறுதி இல்லை. யாரும் ஓட்டாத லைனில் 60 ஓம் டெர்மினேஷன் ஏ-யையும் பி-யையும் ஒன்றாக இழுத்து, வேறுபாட்டைச் சுழியத்தில் நிறுத்திவிடும். சரியாகச் சந்தேகப் பகுதியின் நடுவே! டெர்மினேஷன் போட்டதும் புதிதாகக் குப்பை வந்தது என்று பலர் குழம்புவது இதனால்தான். ரெசிஸ்டரைக் கழற்றினால் குப்பை நின்றுவிடும், நீண்ட கேபிளில் எதிரொலி தொடங்கிவிடும். கழற்றுவது தீர்வல்ல, பயாஸ் சேர்க்க வேண்டும்.

கணக்கு இது. ஏ-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், பி-யிலிருந்து கிரவுண்டுக்கு அதே மதிப்பில் இன்னொன்று. 680 ஓம் போட்டால் 5 × 60 ÷ 1420, அதாவது 211 மில்லிவோல்ட். விளிம்பில் நிற்கிறது. 560 ஓம் போட்டால் 254 மில்லிவோல்ட், இது நல்ல தேர்வு. 3.3 வோல்ட் போர்டில் 470 ஓம் போட்டால் 198 மில்லிவோல்ட்தான் வரும், போதாது. 390 ஓம் போட்டால் 236 வரும். மலிவு மாட்யூல்களில் இருக்கும் 20 கிலோஓம் ரெசிஸ்டர்களை பயாஸ் என்று நினைத்து ஏமாறாதீர்கள். 60 ஓம் டெர்மினேஷனுக்கு எதிரே அவை தருவது 10 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு.

இந்த பயாஸ் மொத்த லைனிலும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், வழக்கமாக மாஸ்டர் போர்டில். இலவசமும் அல்ல. 485 ஸ்டாண்டர்டு சொல்லும் ஒரு யூனிட் லோடு (ஒரு கருவி லைனில் ஏற்றும் சுமைக்கான அளவு) 12 கிலோஓம். ஒரு லைனுக்கு 32 யூனிட் லோடு வரை அனுமதி. 560 ஓம் பயாஸ் மட்டுமே ஏறத்தாழ 21 யூனிட் லோடைத் தின்றுவிடும். மீதி இருப்பது பத்து முழு லோடு கருவிகளுக்கான இடம். எட்டில் ஒரு பங்கு லோடு கொண்ட எஸ்என்65எச்விடி3082 போன்ற ஐசிகளை எடுத்தால் அதே மீதியில் 80 கருவிகள் வரை போகலாம்.

இந்த ஐசி உட்படப் பல புதிய ஐசிகளில் ரிசீவரின் எல்லையையே கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகர்த்தி, சுழிய வோல்ட்டையும் 1 என்று படிக்க வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, புதிய டிசைனுக்கு இதையே எடுங்கள். ஆனால் அது உங்கள் போர்டின் காதை மட்டும் காக்கும். அதே லைனில் இருக்கும் பழைய மீட்டரின் ரிசீவருக்கு அதனால் பயனில்லை. அந்த நகர்த்தலும் சில பத்து மில்லிவோல்ட்தான். மோட்டார் டிரைவ், கான்டாக்டர் இருக்கும் பேனலில் வெளி பயாஸும் வேண்டும்.

ஒன்று மாட்டினால் ஓடுகிறது, பத்து மாட்டினால் நிற்கிறது

கடையில் கிடைக்கும் நீலநிற மேக்ஸ்485 மாட்யூலை உற்றுப் பாருங்கள். ஏ-பி இடையே 120 ஓம் சால்டர் செய்தே வருகிறது. பத்து மாட்யூலைக் கோத்தால் லைனில் இருப்பது 12 ஓம். டிரைவர் 54 ஓம் சுமையில் 1.5 வோல்ட் தர வேண்டும் என்பதுதான் விதி. 12 ஓமில் அது மூச்சு முட்டி, சூடாகி, ஷார்ட் பாதுகாப்புக்குள் போகும். முதல் அளவிலேயே இது பிடிபட்டுவிடும். இரு முனை மாட்யூல்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள்.

பவர் போட்ட நொடியில் முழு லைனும் விழுகிறது

அதே மாட்யூலில் டிஇ காலுக்கு 10 கிலோஓம் புல்-அப் இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது அதன் கால்கள் எதையும் ஓட்டாது. புல்-அப் டிஇ-யை மேலே தூக்கும். டிரைவர் விழித்து லைனைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஸ்லேவ் ரீசெட் ஆனாலோ, அதில் ஃபர்ம்வேர் ஏற்றினாலோ மற்ற எல்லோரும் ஊமையாகிவிடுவார்கள். சொந்த போர்டில் டிஇ-க்குப் புல்-டவுன்தான் போட வேண்டும், 10 கிலோஓம் சரியாக இருக்கும். மாட்யூலையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால் வெளியிலிருந்து 2.2 கிலோஓம் கிரவுண்டுக்குப் போட்டால், 5 வோல்ட்டில் டிஇ 0.9 வோல்ட்டுக்கு இறங்கும். எல்லை 0.8 வோல்ட் என்பதால் அது போதாது, 1 கிலோஓம் போடுங்கள். அதைவிட அந்தப் புல்-அப்பைக் கழற்றிவிடுவது நல்லது.

ஈஎஸ்பி32-இல் பூட் ஆகும் நேரத்தில் 5, 14, 15 எண் கால்கள் தாமாகவே துடிக்கும். அவற்றை டிஇ-க்குக் கொடுக்காதீர்கள். யூஆர்ட்-0-வையும் 485-க்குக் கொடுக்காதீர்கள், பூட் செய்தி அதில்தான் கொட்டும்.

கேபிள் நீண்டால் பிழை, குட்டையானால் சரி

பாட் ரேட்டைக் குறைத்தும் சரியாகவில்லையா? அப்படியென்றால் வேகத்தைவிட சிக்னலின் விளிம்புதான் (ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு அது தாவும் இடம்) காரணம். மேக்ஸ்485-இன் விளிம்பு 10 நானோசெகண்ட் அளவில் ஏறிவிடும், நீங்கள் 9600-இல் ஓட்டினாலும் அதே கூர்மைதான். கேபிளில் சிக்னல் நானோசெகண்டுக்கு 20 சென்டிமீட்டர் ஓடும். மெயின் லைனிலிருந்து பிரியும் கிளையைச் சிக்னல் கடக்கும் நேரம் விளிம்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும் என்ற விதியைப் போட்டால், அனுமதி வெறும் 20 சென்டிமீட்டர். பேனல் கதவிலிருந்து டெர்மினல் வரை வரும் கிளையே ஒரு மீட்டர் இருக்குமே!

விளிம்பு மெதுவான ஐசியை எடுங்கள். மேக்ஸ்487-இன் விளிம்பு குறைந்தது 250 நானோசெகண்ட், கிளை 5 மீட்டர் வரை பொறுக்கும், 250 கிலோபிட் வரை வேகமும் தரும், கால்களும் அதே வரிசை. மோட்பஸுக்கு இதுவே தாராளம். தேவைக்கு மேல் வேகமான ஐசி போடுவது தரம் அல்ல, தொல்லை.

ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம்போல் நாலு பக்கமும் கேபிள் பிரித்திருந்தால் எந்த ரெசிஸ்டரும் காப்பாற்றாது. ஒவ்வொரு கருவிக்கும் போய், அங்கிருந்தே திரும்பி அடுத்ததற்குப் போகும்படி ஒயரிங்கை மாற்ற வேண்டும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் பிழை

இரண்டு ஒயர் போதும் என்ற எண்ணம்தான் இங்கே குற்றவாளி. ஏ-பி வேறுபாடு சரியாக இருந்தாலும், இரு முனைக் கிரவுண்டுகளுக்கு இடையே பத்து வோல்ட் ஆடினால் ரிசீவர் −7, +12 எல்லையைத் தாண்டிவிடும். மூன்றாவது ஒயராக கிரவுண்ட் போக வேண்டும். இரண்டு ஜோடி முறுக்கிய கேபிள் வாங்கி, ஒரு ஜோடி ஏ-பி, மற்றதை கிரவுண்டுக்குக் கொடுங்கள். அந்த கிரவுண்ட் ஒயர் போர்டுக்குள் நுழையும் இடத்தில் 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைத்தால் சுற்றி ஓடும் மின்னோட்டம் அடங்கும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்க்கவும்.

டிரைவ்கள் நிறைந்த இடம், வேறு வேறு கட்டடம், தனித்தனி எர்த் என்றால் ஐசொலேஷனுக்கு (லைனுக்கும் போர்டுக்கும் நேரடி மின் இணைப்பே இல்லாமல் பிரிப்பது) போய்விடுங்கள். ஏடிஎம்2582இ போன்றவற்றில் டிரான்ஸீவரும் தனிப் பவரும் ஒரே பேக்கேஜில் இருக்கின்றன. டிஜிட்டல் ஐசொலேட்டர், பி0505எஸ் டிசி-டிசி, சாதாரண 485 ஐசி என்று தனித்தனியாகவும் கட்டலாம். அந்த டிசி-டிசி ரெகுலேட் செய்யப்படாதது. சுமை இல்லாவிட்டால் அவுட்புட் 5-ஐத் தாண்டி மேலே போகும். 270 ஓம், கால் வாட் ஒன்றை அவுட்புட்டில் நிரந்தரச் சுமையாக வையுங்கள். பிசிபி-யில் ஐசொலேட்டருக்கு அடியில் எந்த லேயரிலும் காப்பர் ஓடக்கூடாது. கிரவுண்ட் பிளேனை அடியில் இழுத்துவிட்டு ஐசொலேஷன் இருக்கிறது என்று சொல்வதில் பொருளே இல்லை.

ஐசி அடிக்கடி சாகிறது

சந்தேகப்படும் ஐசியை லைனிலிருந்து பிரித்து, ஏ-கிரவுண்ட், பி-கிரவுண்ட் ஓம் பாருங்கள். நல்ல ஐசியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, கிலோஓம் கணக்கில் இருக்கும். ஒன்று மட்டும் சில பத்து ஓமுக்கு இறங்கியிருந்தால் அந்தப் பக்க டிரைவர் போய்விட்டது.

சாவுக்கு இரண்டு காரணங்கள் மிகுதி. ஒன்று, 24 வோல்ட் ஒயரைத் தவறி ஏ-பி டெர்மினலில் மாட்டுவது. மேக்ஸ்485 தாங்குவது −8 முதல் +12.5 வோல்ட் வரைதான். 24 வோல்ட் பக்கத்து டெர்மினலில் இருக்கும் போர்டு என்றால் ±70 வோல்ட் தாங்கும் எஸ்என்65எச்விடி1781 அல்லது ±60 வோல்ட் தாங்கும் எல்டிசி2862 போடுங்கள். விலை கூடினாலும் ஒரு முறை தளத்துக்குப் போய் வரும் செலவைவிடக் குறைவு. டெர்மினேஷன் ரெசிஸ்டரை மறந்துவிடாதீர்கள். 24 வோல்ட்டில் 120 ஓம் 4.8 வாட் தின்று கருகிவிடும், ஐசி பிழைத்தாலும் அது பிழைக்காது.

மற்றொன்று இடி, சுவிட்சிங் சர்ஜ் (திடீரென்று பாயும் உயர் வோல்ட்). இதற்கு எஸ்எம்712 என்ற டிவிஎஸ் (சர்ஜைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டயோடு) வேண்டும். −7, +12 என்ற சமமில்லாத எல்லைக்காகவே செய்தது. கையில் இருக்கிறதே என்று 5 வோல்ட் டிவிஎஸ் போட்டால் கிரவுண்ட் கொஞ்சம் நகர்ந்ததும் அது கடத்தத் தொடங்கி டேட்டாவையே நசுக்கும். டிவிஎஸ்-க்கும் ஐசி-க்கும் இடையே ஒவ்வொரு லைனிலும் 10 ஓம், சர்ஜ் தாங்கும் வகை ரெசிஸ்டர் வையுங்கள். சர்ஜில் டிவிஎஸ் கடத்திய பிறகும் மிஞ்சும் மின்னோட்டம் ஐசிக்குள் போகாமல் இதுதான் தடுக்கும்.

இடம் முக்கியம். கனெக்டரிலிருந்து வரும் ட்ராக் முதலில் டிவிஎஸ்-இன் பேடைத் தொட்டு, அதன் வழியாகவே ஐசி-க்குப் போக வேண்டும். பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் கிளை இழுத்து டிவிஎஸ்-ஐ மாட்டினால், அந்தக் கிளையின் இண்டக்டன்ஸால் சர்ஜின் வேகமான முனை டிவிஎஸ்-ஐத் தாண்டி ஐசி-யில் இறங்கிவிடும். டிவிஎஸ்-இன் கிரவுண்ட் பேடுக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று வயா போடுங்கள்.

ஐசி சும்மா இருக்கும்போதே சூடு

அனுப்பாத நிலையில் மேக்ஸ்485 எடுப்பது 1 மில்லிஆம்பியருக்கும் குறைவு. பத்து, இருபது மில்லிஆம்பியர் எடுத்தால் பழைய பைப்போலார் 75176-இன் மேல் வேறு பெயர் அச்சிட்ட சரக்காக இருக்கலாம். நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்கிய ஒன்றோடு ஒப்பிட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரோடு சேர்க்கும்போது

மேக்ஸ்485-ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டினால் மேசையில் ஓடும், தளத்தில் விழும். அதற்கு வேண்டியது 4.75 முதல் 5.25 வோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் டிஐ (அனுப்பும் டேட்டா நுழையும் கால்), டிஇ கால்களுக்குப் பிரச்சினை இல்லை, 2 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்கும். ஆனால் ஆர்ஓ 5 வோல்ட்டைத் திருப்பித் தரும், ஈஎஸ்பி32 அதைத் தாங்க உருவாக்கப்பட்டதல்ல. ஆர்இ-யைக் கிரவுண்டில் நிலையாகக் கட்டிய சர்க்யூட் என்றால் 1 கிலோஓம் தொடராகவும் 2 கிலோஓம் கிரவுண்டுக்கும் போட்டுப் பிரித்துக்கொடுங்கள்; ஆர்ஓ தொங்கும் சர்க்யூட்டில் இவை முன்பு சொன்ன 10 கிலோஓம் புல்-அப்பை வென்று ஆர்எக்ஸை கீழே இழுத்துவிடும். அல்லது மேக்ஸ்3485, எஸ்பி3485 என்று 3.3 வோல்ட்டுக்கே செய்த ஐசி எடுங்கள், கால் வரிசை ஒன்றுதான்.

அடுத்த போர்டு வரையும்போது

ஐசி-யின் 8-ம் காலுக்கும் 5-ம் காலுக்கும் நடுவே 100 நானோஃபாரட், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள். பக்கத்தில் 10 மைக்ரோஃபாரட். ஒவ்வொரு பிட்டிலும் 60 ஓமுக்குள் 35, 40 மில்லிஆம்பியரைத் திருப்பித் திருப்பித் தள்ளும் ஐசி இது. கப்பாசிட்டர் தூரத்தில் இருந்தால் அதிர்வு மைக்ரோகண்ட்ரோலர் வரை போகும். ஐசி கனெக்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

டெர்மினேஷனையும் பயாஸையும் தனித்தனி ஜம்பரில் வையுங்கள். இரண்டையும் ஒரே ஜம்பரில் கட்டினால் முனையில் இருக்கும் ஸ்லேவ் ஒன்று தேவையில்லாத இரண்டாவது பயாஸையும் லைனில் ஏற்றும். ஏ, பி, கிரவுண்ட், டிஇ நான்குக்கும் டெஸ்ட் பாயிண்ட் விடுங்கள். டிஇ-க்கு ஒரு எல்இடி-யும் போடுங்கள், டிஇ காலிலிருந்து நேராக அல்லாமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக. எந்தக் கருவி லைனை விடாமல் பிடித்திருக்கிறது என்பது பேனல் கதவைத் திறந்ததும் கண்ணுக்கே தெரியும்.